எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது? – நூல்நிலையப் பொறுப்பாசிரியருக்கு வழிகாட்டிய பட்டியல்களின் கதை

ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர் அறையில் பணிப் பங்கீட்டுப் பட்டியலை ஒட்டியிருப்பார்கள். உங்கள் பெயருக்கு நேரே ‘நூல்நிலையம்’ என்று இருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை முதலில் உங்களுக்கு. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு இலக்கியம் படிக்கும் மாணவர்களும் தள்ளிவிட்டுப் போய்விட வேண்டாம். நடுவில் ‘முதல் சிறுகதை எது’ என்ற விவகாரம் வருகிறது, அது உங்களுக்காகவே.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, குளுவாங் வட்டாரத்தில் ஒரு தோட்டப்பள்ளியில் நூல்நிலையச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். மூன்று அலமாரி. ஒன்றில் யாரோ வீட்டைக் காலி செய்யும்போது அன்பளிப்பாகக் கொடுத்த நூல்கள். இன்னொன்றில் பழைய பயிற்சிப் புத்தகங்கள். மூன்றாவது பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு மானியம் வந்தது. எதை வாங்குவது? பள்ளிக்கு வந்த விற்பனையாளர் ஒருவர் நீட்டிய பட்டியலில் வரிசையாக டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன். பெட்டி வந்து பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை ஒட்டிய துணைநூல்கள். நம் நாட்டு எழுத்தாளர் ஒருவருடைய புத்தகம்கூட அதில் இல்லை. காசு போச்சு. விற்பனையாளர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் தன்னிடம் இருந்ததைத்தான் காட்டினார். எந்தப் புத்தகம் எங்கே இருக்குன்னு சொல்ல எனக்குத்தான் ஆள் தெரியல.

அப்படிச் சொல்வதையே வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக இருந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

பாதிரியாரும் பதிவுச் சட்டமும்

அச்சிட்ட தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்துக் காட்டிய முன்னோடிப் பட்டியல் ஜான் மர்டாக் என்ற கிறித்துவ ஊழியர் 1865-ல் சென்னையில் வெளியிட்டது. பள்ளிகளுக்கு நூல் தயாரிக்கும் சங்கம் ஒன்றில் பணியாற்றியவர் அவர். தமிழில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் புதிதாக எதைத் தயாரிப்பது என்ற கேள்விதான் அவரை அந்த வேலையில் இறக்கியது. நம்முடைய கேள்வியும் ஏறக்குறைய அதே கேள்விதானே?

மர்டாக்கின் பட்டியலைப் பயன்படுத்தும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. சமயம் பரப்ப வந்தவர் அவர். தமிழ்ச் சமய இலக்கியம் பற்றியும் சிற்றிலக்கியம் பற்றியும் அவர் எழுதிய குறிப்புகளில் அந்த நோக்கம் தெரியும். அதற்காகப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. அவர் பதிந்து வைத்திராவிட்டால் பல நூல்கள் இருந்த தடமே தெரியாது. தகவலை எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பை மட்டும் ஒரு கை தள்ளி வையுங்கள். இன்று கைப்பேசியில் நூல் பரிந்துரை செய்பவர்களைப் படிக்கும்போதும் இதுதான் என் வழக்கம்.

இரண்டு ஆண்டு கழித்து, 1867-ல், பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அச்சிட்டவர் நூலின் பிரதியை அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டும். அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடும். கண்காணிக்கும் எண்ணமும் அதில் இருந்தது. ஆனாலும் நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, எத்தனை படி என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். போலீஸ் வேலைக்காக எழுதிய ஏடு பிற்பாடு ஆய்வாளருக்குப் புதையல் ஆனது.

இது நம் பக்கமும் வந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1886-ல் இதே போன்ற சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அங்கே அச்சான மலாய், சீன, தமிழ் நூல்களெல்லாம் அரசாங்க அறிவிப்பிதழின் காலாண்டுப் பட்டியல்களில் ஏறின. சட்டப்படி கொடுத்த பிரதிகளில் சில லண்டனுக்குப் போனதால்தான் அந்தக் காலத்துத் தமிழ் அச்சு நூல்கள் சில இன்றும் கண்ணில் படுகின்றன.

வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். ஜொகூர் நீரிணைக் குடியேற்றங்களில் சேர்ந்தது இல்லை. தனிச் சுல்தானின் மாநிலம்; பிரிட்டிஷ் பொது ஆலோசகர் இங்கே வந்ததே 1914-ல்தான். ஆகவே சிங்கப்பூரில் அச்சான ஒரு பாட்டுப் புத்தகம் அரசாங்கப் பட்டியலில் ஏறும், கடலுக்கு இந்தப் பக்கம் அதைப் படித்தவர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார். நடுவில் தாம்போதி கூட அப்போது இல்லை. அது முறையாகத் திறக்கப்பட்டது 1924-ல். ஜொகூர் வாசகர் அன்று முதலே இரண்டு பட்டியல்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் நிற்பவர். இந்த இடைவெளி இன்னும் முழுசாக மூடவில்லை, பிறகு வருகிறேன்.

‘முதல்’ என்று எழுதுமுன்

மாணவர்களே, இப்போது உங்கள் முறை. ‘இந்த வட்டாரத்தின் முதல் தமிழ்ச் சிறுகதை’ எது?

1930-ல் வெளிவந்த வை. சின்னையா பிள்ளையின் ‘நவரச கதாமஞ்சரி’தான் மலாயாவில் வெளியான முதல் சிறுகதைத் தொகுப்பு என்று இலக்கிய வரலாறுகள் சொல்லும். நாவலென்றால் க. வெங்கடரத்தினம் எழுதிய ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’, 1917. இவை உங்கள் குறிப்பேட்டில் இருக்கும்.

ஆனால் சிங்கப்பூரில் 1887 ஜூன் மாதம் ‘சிங்கை நேசன்’ என்ற வார இதழ் தொடங்கியது. ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு. மூன்று ஆண்டு நடந்து 1890-ல் நின்றது. அதில் 1888-ல் அவர் ‘விநோத சம்பாஷணை’ என்ற தலைப்பில் உரையாடல் வடிவில் எழுதியவற்றைப் பழைய இதழ்களில் தேடிப் படித்து, அவற்றில் சிறுகதையின் கூறு இருக்கிறது, இந்த வட்டாரச் சிறுகதை முன்னோடி இவரே என்று வாதிட்டவர் சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆய்வாளருமான நா. கோவிந்தசாமி. ஏற்காதவர்களும் உண்டு. உரையாடலைச் சிறுகதை என்று சொல்லலாமா என்பது நியாயமான கேள்விதான்.

நான் எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. 1930 என்பது ‘தொகுப்பு’ நூலுக்கான விடை. 1888 என்பது ‘இதழில் வந்த படைப்பு’க்கான விடை. 1917 நாவலுக்கு. கேள்வித்தாளில் ஒரு சொல் மாறினால் விடை நாற்பது ஆண்டு நகர்ந்துவிடும். சிங்கப்பூர் உள்ளதா, மலாயா மட்டுமா என்பது இன்னொரு பூட்டு. ‘மலேசியா’ என்ற நாடே 1963-ல்தான் அமைந்தது. 1965 ஆகஸ்டு 9-ல் சிங்கப்பூர் பிரிந்தது. அதற்கு முன்பு எழுதியவரை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் ‘முதல்’ என்று பார்த்ததும் எழுதிவிடாதீங்க. எதில் முதல், எங்கே முதல், யார் பார்த்துச் சொன்னது: இந்த மூன்றையும் விடையிலேயே ஒரு வாக்கியத்தில் சேர்த்து எழுதுங்கள். திருத்துகிறவருக்கு உங்கள் படிப்பு தெரிந்துவிடும்.

தோட்டத்து ஆசிரியருக்கு யார் சொன்னது?

போருக்கு முன்னும் பின்னும், லாபிஸிலோ யோங் பெங்கிலோ ஒரு தோட்டப்பள்ளியில் ஒற்றை ஆசிரியராக இருந்தவர் புதுப் புத்தகம் பற்றி எப்படி அறிந்திருப்பார்? நாளிதழ்தான். 1924-ல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935 ஜூலையில் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’. முரசு முதலில் ஒரு காசுக்கு விற்ற வார இதழ். இந்த இரண்டும் செய்தித்தாளாக மட்டும் இருக்கவில்லை. எதைப் படிக்கலாம், எப்படிப் படிக்கலாம் என்று வாசகருக்குச் சொல்லிக் கொடுத்த வகுப்பறைகளாகவும் இருந்தன. 1950-களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் எழுத விரும்புவோருக்குக் ‘கதை வகுப்பு’ நடத்தியது. தமிழ் முரசு ‘மாணவர் மணிமன்றம்’ வழியாகப் பள்ளிப் பிள்ளைகளையே எழுத வைத்தது. 1953-லிருந்து 1957 வரை தமிழ் நேசனில் ஆசிரியராக இருந்த கு. அழகிரிசாமி தமிழ்நாட்டின் தேர்ந்த சிறுகதையாளர். அப்படிப்பட்ட ஒருவர் நாளிதழில் உட்கார்ந்து உள்ளூர்க் கதைகளைத் தேர்ந்தெடுத்தார் என்றால், அந்த ஞாயிறு மலரே ஒரு நூல் தேர்வுக் குழு மாதிரிதான்.

இன்னொரு வழி பதிப்பகங்களின் விலைப்பட்டியல். 1920-ல் திருநெல்வேலியில் தொடங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வெளியீடுகளைப் பழைய ஆசிரியர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். நூலின் கடைசிப் பக்கங்களில் மற்ற வெளியீடுகளின் பெயரும் விலையும் இருக்கும். அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருந்த ஆசிரியர்தான் அன்றைய நல்ல நூல்நிலையப் பொறுப்பாளர்!

இதே காலத்தில் தமிழ்நாட்டில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம், 1931-ல் நூலக இயலின் ஐந்து விதிகள் பற்றிய நூல், 1933-ல் கோலன் பகுப்புமுறை. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் கிராமம் கிராமமாகப் போன மாட்டுவண்டி நூலகமும் ஓடத் தொடங்கியது. விதிகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் நிறையப் பேர். வேலையில் எனக்கு உதவியது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகரைத் தேடித் தர வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது. வாசகருக்குப் புத்தகம் தேடுவது எல்லாருக்கும் தெரியும். அலமாரியில் கிடக்கிற புத்தகத்துக்கு ஆள் தேடுவது? அதற்குப் புத்தகத்தைப் பற்றி யாராவது நமக்குச் சொல்லியிருக்க வேண்டும், நாமும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

1969-ல் ஒரு பட்டியல்

மலேசியத் தமிழ் நூல்களுக்கு என்று தனியாக வேலை நடந்தது மலாயாப் பல்கலைக்கழகத்தில். அங்கே இந்திய ஆய்வியல் துறை 1956-ல் தொடங்கியது. தனிநாயக அடிகளார் 1961-ல் அங்கே வந்தார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதே ஆண்டில் அடிகளார் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலைத் தொகுத்து, பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது பலருக்குத் தெரியாது. மாநாட்டுப் படங்கள் பள்ளிச் சுவர்களில் இருக்கின்றன. பட்டியலை எத்தனை பேர் புரட்டியிருக்கிறோம்?

மூன்று ஆண்டு கழித்து, 1969-ல், அதே பல்கலைக்கழக நூலகம் இராம சுப்பையா தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ என்ற நூலை வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் சரிபார்ப்புப் பட்டியல் அது. சிங்கப்பூர் பிரிந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தும் இரண்டு நாட்டையும் ஒரே நூலில் வைத்திருக்கிறார். நூல்கள் எல்லையைப் பார்த்து எழுதப்படவில்லை என்பது தொகுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜொகூர்க்காரனான எனக்கு அந்த ஒன்றுக்காகவே இந்த நூலைப் பிடிக்கும்.

இப்படி ஒரு பட்டியல் பார்க்கச் சலிப்பூட்டும். கதை இல்லை, படம் இல்லை. ஆனால் ஒரு நூல் அதில் இருந்தால், அது இருந்தது என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. பிறகு தேடலாம். இல்லாத நூலை யாரும் தேடவே மாட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பள்ளிகள் இடம் மாறி, வாசகசாலைகள் மூடிய காலத்தில் எத்தனை நூல்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின என்று யார் கணக்கு வைத்தார்கள்?

பட்டியல் வேலை தொடர்ந்து நடக்க வேண்டியது. ஒரு நூல் வெளிவந்த மறுநாளே அது பழசாகிவிடும். நூல்களைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க 1986-ல் சட்டம் ஒன்று வந்தது. அச்சு நூலென்றால் ஐந்து பிரதி. அவ்வளவு பிரதி கொடுத்து ஐ.எஸ்.பி.என். எண்ணும் வாங்கும் எழுத்தாளர்களும் உண்டு. முந்நூறு படி அச்சடித்து, வெளியீட்டு விழாவில் கொடுத்து முடித்து, மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டாம் வகையினரின் நூலைப் பற்றி உங்களுக்கு அந்த விழாவுக்குப் போனவர்தான் சொல்ல முடியும்.

திரைக்கு வந்த பட்டியல்

மகுதூம் சாயபுவைத் தேடிப் போன நா. கோவிந்தசாமியை நினைவிருக்கிறதா? 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியில் காட்டிய இணையத்தளம் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் தமிழ் எழுத்து திரையில் தெரிய வழி செய்தவரும் அவர்தான். பழைய இதழைப் புரட்டிய அதே கை! 1997-ல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 2001-ல் கோலாலம்பூரிலும் நடந்தது. இடையில், 1998 பொங்கலன்று, தன்னார்வலர்கள் சேர்ந்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தந்தார்கள். 2004-ல் ‘தமிழ்மணம்’ வந்தது. பல நாட்டுத் தமிழர் தனித்தனியாக எழுதியவற்றின் தலைப்புகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டும் இடம். மர்டாக் செய்த வேலையை நாள்தோறும் செய்ய ஓர் இயந்திரம் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. பின்னால் எழுதுகிறவர்கள் சமூக ஊடகத்துக்குப் போனார்கள். அங்கே நேற்று எழுதியதை இன்று தேட முடியவில்லை.

இன்று ஜொகூரில் இருக்கிற ஒரு நூல்நிலையப் பொறுப்பாசிரியர் எவற்றைத் தொடர்ந்து பார்க்கலாம்? என் பழக்கத்தைச் சொல்கிறேன். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் 2015-ல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் வழியாக 1965 முதல் வந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்பு நூல்கள் ஏறக்குறைய 350-ஐ மின்வடிவாக்கியது. ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தாம்போதியோ ஒரு கிலோமீட்டர்தான். அப்படியிருந்தும் நம் பள்ளிகளில் அந்தத் தொகுப்பைப் பேசுவோர் குறைவு. அந்தப் பக்கப் பட்டியல் சிங்கப்பூரை மட்டும் பார்க்கிறது, இந்தப் பக்கப் பட்டியல் மலேசியாவை மட்டும் பார்க்கிறது. முன்னே சொன்ன இடைவெளி இதுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் நடுவில் நிற்கிற நீங்கள்.

மலேசியப் பக்கத்துக்கு ‘வல்லினம்’ இதழைப் பார்க்கிறேன். நூல் விமர்சனம் காரமாக இருக்கும். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, எந்த நூல் பேசப்படுகிறது என்று தெரிகிறது அல்லவா? 2022-ல் தொடங்கிய ‘தமிழ் விக்கி’யில் மலேசிய எழுத்தாளர்கள், தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. இலங்கை நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம். பழைய தமிழ்நாட்டு நூல்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும். இவ்வளவுதான். இருபது இடத்தைத் தொடர ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் எதையும் பார்க்க மாட்டோம். எனக்கு அனுபவம்.

புதிதாக ஓர் இடத்தைச் சேர்க்குமுன் நான் முதலில் பார்ப்பது, எழுதியவர் நூலைக் கையில் வைத்து எழுதினாரா என்பதை. பதிப்பகம், ஆண்டு, பக்கம் இருக்கிறதா, அல்லது அட்டைப்படமும் ‘அருமை’யும் மட்டும்தானா? கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? எந்த வயதுப் பிள்ளைக்கு என்று சொல்கிறார்களா? விற்கிறவரே பரிந்துரைக்கிறார் என்றால், மர்டாக்கிடம் செய்த மாதிரி, தகவலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு புலம்பல். 1998-ல் நிலாம் திட்டத்துக்குச் சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகள் படித்ததைப் பதிய வேண்டும். இப்போது அது ஐன்ஸ் என்று இணையத்தில் நடக்கிறது. நல்ல திட்டம். ஆனால் எண்ணிக்கை கேட்கப்படும் இடத்தில் எட்டுப் பக்கப் புத்தகமே அதிகம் பதிவாகும், அது மனித இயல்பு. ‘எத்தனை’ என்று மேலிடம் கேட்கும். ‘எது’ என்று நாம்தான் கேட்டாக வேண்டும். அதற்கும் முதலில் நமக்கு எது எது இருக்கிறது என்று தெரியணும்.

நான் இப்போது ஒரு நீளக் குறிப்பேடு வைத்திருக்கிறேன். கணினியிலும் ஒரு படி உண்டு. கேள்விப்பட்ட ஒவ்வொரு மலேசிய, சிங்கப்பூர்ச் சிறார் நூலுக்கும் ஒரு வரி: பெயர், ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, எங்கே கிடைக்கும், யார் சொன்னது, எந்த மாணவரிடம் கொடுத்தேன், என்ன சொன்னார். கடைசி இரண்டு கட்டம் எந்தத் தேசியப் பட்டியலிலும் இல்லாதவை. குறிப்பேட்டின் பின்பக்கத்தில் வேறொரு வரிசை இருக்கிறது: பள்ளி மலர்கள். வெள்ளி விழா மலர், பொன்விழா மலர், மூடிய தோட்டப்பள்ளியின் பிரியாவிடை மலர். பழைய தலைமையாசிரியர் பெயர்கள், தோட்டத்தின் பெயர், பிள்ளைகள் எழுதிய கவிதை எல்லாம் அவற்றில்தான் இருக்கும். வெளியார் கடையில் கிடைக்காது, பட்டியல்களிலும் அதிகம் ஏறுவதில்லை. உங்கள் பள்ளியின் மலர் ஒன்று அலுவலக அலமாரியில் இருந்தால், அதன் தலைப்பையும் ஆண்டையும் பக்க எண்ணிக்கையையும் இந்த வாரமே எழுதி வையுங்கள். கூடுதல் படி இருந்தால் தேசிய நூலகத்துக்கு ஒன்று அனுப்ப முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அப்புறம், என் பள்ளியின் அந்த மூன்றாவது அலமாரி: பூட்டை உடைத்துத் திறந்தபோது உள்ளே இருந்தவை மலர்கள்தான், பதினொன்று. நான்கைக் கரையான் தின்றுவிட்டது.